வானில் ஒரு நீலச் சுருள்

நியூசிலாந்து வானில் 2022 ஜூன் 19 இரவு தெரிந்த நீலச் சுருளின் படத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவி காட்டினாள். "எல்லாம் கிராபிக்ஸ்" என்று தள்ளிவிட்டேன். வீட்டில் தேடியபோதுதான் என் அவசரம் புரிந்தது.

புளோரிடாவிலிருந்து ஏவப்பட்ட ஃபால்கன் 9 ராக்கெட்டின் இரண்டாம் நிலை, செயற்கைக்கோளை விட்டபின், சுழன்றபடியே மீந்த எரிபொருளை வெளியேற்றியிருக்கிறது. அந்தத் துகள்கள் மீது, தரையில் இருட்டிய பிறகும், உயரத்தில் வெயில் பட்டிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் தவற்றை ஒப்புக்கொண்டேன். பிளாஸ்டிக் பாட்டிலில் எதிரெதிரே இரு துளையிட்டு, நீர் நிரப்பி, நூலில் கட்டி முறுக்கிவிட்டோம். மேலிருந்து பார்த்தால் சுருள்! ஒவ்வொரு துளியும் வெளிநோக்கி நேராகவே போகிறது, தாரைதான் வளைந்து தெரிகிறது என்பதில் பலர் குழம்பினார்கள். இங்கே நேரம் கொடுங்கள்.

"நள்ளிரவுன்னா தெரிஞ்சிருக்குமா மிஸ்?" என்றாள் அதே மாணவி. பந்தையும் டார்ச்சையும் எடுத்து, பூமியின் நிழலைத் தேடத் தொடங்கினோம்.