உட்காருவதும் ஊருக்கு உதவுவதும்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா அன்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்: "பேங்க்ல இருந்து ஏதோ மெசேஜ் வந்துருக்கே, என்னன்னு பார்த்தியாப்பா?" என் கண் போனில் இருந்தது. "ம்... பாக்கறேம்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரி, நீ வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு நாள்கூடத் தவறாமல் காலையில் இருபது நிமிடம் தியானம் செய்திருந்தேன். கண்ணை மூடியபோது கிடைத்த நிதானத்தில் ஒரு துளிகூட அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அன்று இரவு உறைத்தது. அதன் பிறகுதான் தியானத்தையும் தொண்டையும் சேர்த்தே பழக வேண்டும் என்று முடிவெடுத்தேன். இரண்டுக்கும் முதலீடு ஒன்றுதான், கவனம். மூச்சுக்குக் கொடுக்கிற அதே கவனத்தைத்தான் எதிரே நிற்கிற மனிதருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. எட்டு வருடங்களாக இப்படிப் பழகியதில் எனக்குத் தெரிந்த வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த மதத்தவரும் செய்யலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதில் தடையில்லை.

முதல் படி: இடமும் நேரமும்

தனி பூஜை அறை வேண்டாம். வீட்டில் யாரும் குறுக்கே நடக்காத ஒரு மூலை போதும். தரையில் உட்கார முடிந்தால் ஒரு போர்வையை மடித்து இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். பாதம் இரண்டும் தரையில் பதிந்து, முதுகு நிமிர்ந்திருந்தால் சரி.

நேரம் காலையாக இருப்பது நல்லது, ஆனால் பால் பொங்குகிற நேரத்தையும் பள்ளி வேன் வருகிற நேரத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தாலும் பக்கத்தில் இருக்கிறது என்கிற நினைப்பு இழுத்துக்கொண்டேயிருக்கும். நேரம் பார்க்க ஒரு சாதாரண கடிகாரம் போதும்.

இரண்டாம் படி: ஒன்றிலிருந்து பத்து வரை

மூச்சை மாற்ற வேண்டாம், ஆழமாக இழுக்கவும் வேண்டாம். தானாகப் போய் வருகிற மூச்சைக் கவனியுங்கள். மூக்கு நுனியில் காற்று படுகிற இடத்தில் மனதை நிறுத்தி, ஒவ்வொரு முறை மூச்சு வெளியே போகும்போதும் ஓர் எண் சொல்லுங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று.

நாலு, ஐந்து வரும்போதே மனம் கரண்ட் பில்லுக்கோ முந்தாநாள் சண்டைக்கோ போயிருக்கும். சிலருக்கு எண்ணிக்கை பதினேழு வரை ஓடியிருக்கும். அதைக் கவனித்த கணத்தில், யாரையும் திட்டாமல், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடி முப்பது முறை திரும்பி வந்தால், முப்பது முறை பயின்றிருக்கிறீர்கள். "எனக்கு மனசு நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லி இரண்டாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் இதை அறியாமல்தான் விடுகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம். பிறகு பத்து. மூன்று மாதம் வரை பத்தைத் தாண்டாதீர்கள்.

இப்போது மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் ஐ.டி. அலுவலகங்களில்கூட நடக்கும் வகுப்புகளுக்கு வேர் பௌத்தத்தில் இருக்கிறது. 1979-இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். மருத்துவமனைகளுக்குள் இந்தப் பழக்கம் நுழைந்ததில் அந்தப் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. வலி போகாவிட்டாலும் வலியோடு இருக்கிற விதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட நோக்கம்.

மூன்றாம் படி: ஒரு வீட்டு வேலை

உட்கார்ந்து பழகியதை எழுந்த பிறகும் கையில் வைத்திருக்க ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் கழுவுவதாக இருக்கலாம், துணி மடிப்பதாக இருக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது முருங்கைக்கீரை ஆய்வது.

அவசரப்பட்டால் கீரை காட்டிக்கொடுத்துவிடும். கொத்தாக உருவினால் காம்பு சேர்ந்து வந்து சாப்பிடும்போது நெருடும். ஒவ்வொரு இணுக்காக எடுத்து, பழுத்த இலையைத் தள்ளி, பூச்சி முட்டை ஒட்டியிருக்கிறதா என்று அடிப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் பச்சை ஏறும். மணமும் ஏறும். ஒரு கட்டு ஆய அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணியில் டி.வி., பாட்டு எதுவும் வேண்டாம். மனம் ஓடினால் இலைக்குத் திரும்புங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து கடைசிவரை அங்கேயே இருந்த ரமண மகரிஷி, ஆசிரமச் சமையலறையில் விடிவதற்கு முன்பே காய் நறுக்க உட்கார்ந்தவர். சமைக்கும் பொருள் வீணாவதை அவர் பொறுக்கமாட்டார். தன்னைத் தேடி வந்தவர்களுக்குக் கூடத்தில் மௌனத்தைக் கொடுத்தவர், சமையலறையில் வேலையாகவே கற்றுக்கொடுத்தார்.

நான்காம் படி: தொண்டு வீட்டிலிருந்து

ஆதரவற்றோர் இல்லத்துக்கு அரிசி மூட்டை வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யார் பேச்சை நீங்கள் பாதியில் வெட்டுகிறீர்கள் என்று ஒரு நாள் பாருங்கள். அநேகமாக வயதானவர்களாக இருப்பார்கள். தினமும் பத்து நிமிடம் அவர்களோடு, போன் இல்லாமல், பதில் தயாரிக்காமல், உட்காருங்கள். "இதத்தான் நேத்தே சொன்னீங்களே" என்ற வாக்கியத்தை ஒரு மாதம் சொல்லாமல் இருந்து பாருங்கள். மூச்சை எண்ணுவதைவிட இது கடினம். எனக்கு இன்னும் கடினம்தான்.

ஐந்தாம் படி: அடுப்படியும் பந்தியும்

வெளியே செய்யும் முதல் தொண்டு சோறு சம்பந்தப்பட்டதாக இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பசியைப் புரிந்துகொள்ள விளக்கம் எதுவும் தேவையில்லை. அதை ஒரு பிணியாகவே பார்த்தவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. இதற்கான 80 காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தார்கள். வருகிறவரிடம் சாதியோ மதமோ கேட்பதில்லை. சோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை 1872-இல்தான் வந்தது. சபைக்கு ஐந்து வருடம் முன்பே தருமச்சாலை வந்துவிட்டது என்கிற அந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வடலூர் தூரமென்றால் பக்கத்திலேயே இடம் இருக்கும். கோயில் அன்னதானக் கூடம், சென்னை தியாகராய நகர் குருத்வாராவின் லங்கர், ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல், இப்படி எங்கே போனாலும் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். சமையலைவிட உடல்வேலையில் நாட்டமுள்ளவர்கள் உழவாரப் பணிக் குழுக்களோடு சேரலாம். கையில் உழவாரத்தோடு கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கிய அப்பர் பெயரைச் சொல்லி விடுமுறை நாளில் பழைய கோயில்களைச் சுத்தம் செய்கிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

முதல் நாளே பரிமாறும் வாளியைக் கேட்காதீர்கள். இலை எடுங்கள், பாத்திரம் கழுவுங்கள். பரிமாறும் முறை வரும்போது குனிந்து பரிமாறுங்கள். நின்ற உயரத்திலிருந்து சோறு விழக் கூடாது. சாப்பிடுகிறவர் கையைக் காட்டி "போதும்" என்பதற்கு முன் நகர்ந்துவிடாதீர்கள். முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு போடட்டுமாங்க?" என்று கேளுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். கையேந்தி நிற்கும் நேரத்தில் படம் பிடிக்கப்பட யாருக்கும் விருப்பமிருக்காது.

ஆறாம் படி: கற்றுக்கொண்டு செய்யும் தொண்டு

சில தொண்டுகளுக்கு நல்ல மனசு மட்டும் போதாது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கும் வேலை. ஸ்க்ரைப் என்பார்கள். கல்லூரிகளிலும் பார்வையற்றோருக்கான அமைப்புகளிலும் கேட்டால் பெயரைப் பதிந்துகொள்வார்கள். எழுதுகிறவருக்கு என்ன படிப்பு இருக்கலாம் என்ற விதி தேர்வுக்குத் தேர்வு மாறும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை போனது பி.ஏ. வரலாறு படித்த ஒரு பெண்ணுக்கு. தரைத்தளத்தில் தனி அறை, ஒரு மேற்பார்வையாளர், ஒரு மின்விசிறி. கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்த்து முழுதாக வாசித்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோவையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான்காவது வரியில் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னாள். எனக்குச் சரியான ஆண்டு தெரியும். பேனா நின்றுவிட்டது.

அறை அவ்வளவு அமைதி. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டுவிட்டது. "தப்பா சொல்லிட்டேனாண்ணா?" என்றாள். அப்போதுதான் விளங்கியது, வாயைத் திறக்காமலேயே நான் அவளுக்குக் குறிப்புக் கொடுத்திருக்கிறேன். "நீ சொல்றதத்தாம்மா எழுதறேன், சொல்லு" என்றேன். அவள் சொன்ன ஆண்டையே எழுதினேன்.

மூன்று மணி நேரத் தேர்வு, மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதலாக ஒரு மணி நேரம். நான்கு மணி நேரமும் என் அறிவை ஓரமாக வைத்துவிட்டு அவள் அறிவுக்குக் கையாக மட்டும் இருக்க வேண்டும். தவறைத் திருத்தத் துடிக்கிற மனதைப் பார்த்து, திரும்ப அவள் குரலுக்கு வர வேண்டும். காலையில் மூச்சிலிருந்து ஓடும் மனதை அழைத்து வருவது எனக்கு எதற்கு உதவும் என்று அந்த அறையில் தெரிந்துகொண்டேன். முடிந்ததும் மடக்குக்கோலை விரித்தபடி கேட்டாள், "வெள்ளிக்கிழமை அடுத்த பேப்பர்ண்ணா. வருவீங்கல்ல?"

இந்தத் தொண்டில் ஒப்புக்கொண்டால் போயே ஆக வேண்டும். நீங்கள் வராவிட்டால் ஒரு வருடப் படிப்பு தொங்கிப்போகலாம். போவதற்கு முன் இரண்டு நாள் அந்த மாணவரோடு உட்கார்ந்து, அவர் பேசும் வேகத்துக்கு எழுதிப் பழகுங்கள். பெயர்ச்சொற்களை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்டால் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்.

இவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு ரத்ததானம் இருக்கிறது. 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினும் இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் உதவ விரும்பினால் தணிப்பு சிகிச்சைக் குழுக்களிடம் பயிற்சி பெற்ற பிறகு போங்கள். கேரளத்தில் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தவர்களே இந்த வேலையைத் தாங்கி நிற்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

கண்ணை மூடி உட்காரும்போது பழைய துக்கம் கிளம்பி வரலாம். கொஞ்சம் அழுகை வந்தால் பயமில்லை. ஆனால் பதற்றம் கூடிக்கொண்டே போனாலோ, தூக்கம் கெட்டாலோ, உயிர்வாழ வேண்டாம் என்று தோன்றினாலோ தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது.

பத்து நாள் விபாசனா தியான முகாமை முதல் படியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முன்பு பயிற்சி முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. பேசாமல், தினமும் ஏறத்தாழ பத்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். வீட்டில் சில மாதம் பழகிவிட்டுப் போனால் உடலும் மனமும் தாங்கும்.

குரு என்று சொல்லிக்கொண்டு யாராவது வீட்டாரைவிட்டு விலகச் சொன்னாலோ, பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்றாலோ, அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாணம் வரும், ஆடிட் வரும், பிள்ளைக்குப் பரீட்சை வரும். விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் அரை மணி உட்கார வேண்டாம். பழைய நேரத்தில், பழைய மூலையில், பழைய ஐந்து நிமிடம்.

போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் நான் உட்காரவேயில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் அவருடைய மூச்சை எண்ணத் தொடங்கியிருந்தேன். பத்து வந்தது. துணியை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.