கிளியின் சிறகில் அடிபட்டால் முதல் நாள் என்ன செய்வது?

காக்டெய்ல் கிளி சீலிங் ஃபேனில் அடிபட்டுத் தரையில் விழுந்து கிடக்கிறது. ஒரு சிறகு தொங்குகிறது. அந்தச் சிறகைத் தூக்கி நேராக்கிப் பார்க்கத்தான் கை முதலில் போகும். தயவுசெய்து வேண்டாம். முறிந்த எலும்பின் முனை கூர்மையாக இருக்கும். ஒருமுறை இழுத்தாலே உள்ளிருக்கும் நரம்பையும் இரத்தக்குழாயையும் கிழித்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், விளக்கை அணையுங்கள். இருட்டில் கிளி அதிகம் ஓடாது. மெல்லிய துண்டு ஒன்றை மேலே போட்டு, இரண்டு சிறகும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி அள்ளி எடுங்கள்.

பிடிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், கடிக்காமல் கத்தாமல் கையிலேயே மூச்சுமுட்டிப் போய்விடும். தலையை மட்டும் இரு பக்கமும் விரலால் அணைத்துக்கொள்ளுங்கள். உடம்பு உள்ளங்கையில் தளர்வாகக் கிடக்கட்டும்.

அடுத்து இரத்தம். பறவையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதன் மொத்த இரத்தம். 90 கிராம் காக்டெய்லுக்கு 9 மில்லி. நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கும் 30 கிராம் பட்ஜிக்கு வெறும் 3 மில்லி. இரண்டு மூன்று சொட்டு சிந்தி நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. நிற்காமல் சொட்டினால் அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு.

பல நேரங்களில் இரத்தம் எலும்பு முறிவிலிருந்து வராது, புதிதாக முளைத்துவரும் இறகு ஒடிந்ததால் வரும். முதிர்ந்த இறகின் தண்டு வெளுப்பாக இருக்கும். வளரும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடுவதால் அடிப்பக்கம் கருநீலமாகத் தெரியும். அது ஒடிந்தால் திறந்த குழாய்தான். சமையலறையில் இருக்கும் கார்ன்ஃப்ளார் மாவை ஒரு சிட்டிகை எடுத்து ஒடிந்த முனையில் வைத்து, சுத்தமான காஸ் துணியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் திறந்து பார்க்காதீர்கள். அந்த இறகைப் பிடுங்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. சிறகு எலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால் அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், அதன் மேல் தண்ணீரோ கிருமிநாசினியோ ஊற்றக்கூடாது. தோளிலிருந்து முழங்கை வரை போகும் எலும்பின் உள்ளே காற்றுதான் இருக்கிறது. அது காற்றுப்பைகளோடு இணைந்தது. காயத்தில் ஊற்றுவது சுவாசப் பாதைக்கே போய்ச் சேரும். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் மூடினால் போதும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எண்ணெய் பட்ட இறகு உடம்புச் சூட்டைக் காக்காது, கிளி அலகால் கோதும்போது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். குழந்தைக்கு வாங்கி வைத்த பாராசிட்டமால் சொட்டு மருந்தையும் கொடுக்காதீர்கள்.

கட்டுப் போடுவது உங்கள் வேலை இல்லை என்று அழுத்திச் சொல்கிறேன். மருத்துவர்கள் எட்டு வடிவில் சுற்றும் கட்டுக்குப் பழக்கம் வேண்டும். தவறாகச் சுற்றினால் நெஞ்சு இறுகும், இல்லாவிட்டால் எலும்பு கோணலாகக் கூடும். பட்ஜி என்றால் செருப்புப் பெட்டி, காக்டெய்ல் என்றால் அதைவிடச் சற்றுப் பெரிய அட்டைப்பெட்டி. காற்றுத் துளை போட்டு, அடியில் துண்டு விரித்து உள்ளே வையுங்கள். சிறகை விரிக்க இடமில்லாத பெட்டிதான் அப்போதைக்குச் சிறந்த கட்டு. அடிபட்ட பறவைக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் இதமானது. மார்கழியில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக வையுங்கள். சித்திரையில் பல்பு, வெந்நீர் எதுவும் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று பொருள்.

அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளைக்குள் மருத்துவரிடம் போய்விடுங்கள். பறவையின் எலும்பு வேகமாகக் கூடும், மூன்று வாரத்தில் ஓரளவு உறுதியாகிவிடும். கோணலாக இருந்தால் அந்தக் கோணலிலும் அதே வேகத்தில் கூடும். நாய், மாடு மட்டும் பார்க்கும் இடமா, பறவைக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவு உண்டு. பூனை கவ்வியிருந்தால் காயம் ஊசி குத்திய அளவே இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பூனையின் எச்சில் கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும்.

வீடு திரும்பியபின் கூண்டில் உயரக் குச்சிகளை எடுத்துவிட்டு, தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில் ஒன்று மட்டும் வையுங்கள். தீனிக் கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கலாம். ஊதிப் பாருங்கள். தினமும் காலையில் கிராம் தராசில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். மூன்றாம் நாள் தோல் பச்சையாகத் தெரிந்தால் அழுகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். நமக்கு நீலமாகக் கன்றுவது பறவைக்குப் பச்சையாகத்தான் கன்றும். நாற்றமோ நீரோ இருந்தால்தான் கவலை.

கட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று, மருத்துவர் வரச் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள். அதிக நாள் மடங்கியே இருந்தால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கும் தோல்மடிப்பு சுருங்கிப்போகும். எலும்பு கூடியும் சிறகு விரியாமல் நிற்கும் கிளிகள் இப்படித்தான் உண்டாகின்றன. அவர் கட்டை அவிழ்த்து மெதுவாக நீட்டி மடக்குவது இதற்காகத்தான்.

அடிபட்டது பச்சைக்கிளி என்றால் இன்னொன்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக்கூடாது. அந்தப் பயத்தில் சிலர் மருத்துவரிடம் போகாமல் கூண்டிலேயே வைத்துவிடுகிறார்கள், கிளி முடமாகிறது. பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். சிகிச்சை கிடைத்து, சிறகும் கூடினால், அது திரும்பப் பறக்கலாம்.