சுவாசத்தை எண்ணும் முறை

நோயாளியின் நிலையை அறிவிக்கும் உயிர்க்குறிகள் நான்கு எனப் பாடநூல்கள் கூறும். அவை உடல் வெப்பம், நாடித்துடிப்பு, சுவாச வேகம், இரத்த அழுத்தம் என்பன. இரத்தத்தில் பிராணவாயுவின் செறிவு இக்காலத்தில் ஐந்தாவதாகச் சேர்க்கப்படுகிறது. இவற்றுள் நாடியையும் சுவாசத்தையும் எண்ணுவதற்குக் கைக்கடிகாரம் ஒன்றே போதும். ஆயினும் சுவாசம் பல சமயங்களில் எண்ணப்படாமல் உத்தேசமாகவே குறிக்கப்படுகிறது. இது எத்துணைப் பெரிய பிழை என்பதைக் கோவிட் நோய் தெளிவுபடுத்திற்று.

மகாராஷ்டிர மாநிலத்தில் இந்நோய் முதன்முதலாக 2020 மார்ச் 9ஆம் நாள் புனே நகரில் உறுதி செய்யப்பட்டது. நோயாளிகள் அந்நகரின் நாயுடு தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோய் பரவிய இடங்களில் மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். பிராணவாயுவின் செறிவு 90 சதவீதத்திற்குக் கீழ் இறங்கிய பின்னரும் நோயாளிகள் சிலர் இயல்பாகப் பேசினர். மூச்சுத் திணறல் இல்லையென்றும் கூறினர்.

இதற்குக் காரணம் யாது? மூச்சுத் திணறல் என்னும் உணர்வைப் பெரிதும் தூண்டுவது இரத்தத்தில் கரியமிலவாயு மிகுவதே ஆகும். பிராணவாயு மிகவும் குறைந்த பின்னரே அக்குறைவு அவ்வுணர்வை வலுவாகத் தூண்டும். இந்நோயின் தொடக்கத்தில் கரியமிலவாயு பெரும்பாலும் தடையின்றி வெளியேறுவதால் நோயாளி ஆபத்தை உணர்வதில்லை. ஆகவே, மூச்சு விடச் சிரமம் உண்டா எனக் கேட்பது மட்டும் போதாது.

எண்ணும் முறை

நோயாளியைச் சில நிமிடங்கள் ஓய்வாக அமரச் செய்க. சுவாசத்தை எண்ணப்போவதை அவரிடம் கூறலாகாது. கூறினால் சுவாசத்தின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பை நோக்குக. ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுவாசம். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக.

கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது தவறு. 5 என எண்ணினால் 20 வரும். 6 என எண்ணினால் 24 வரும். வயது வந்தோர்க்கு இயல்பான வேகம் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை. இந்திய அரசின் கோவிட் சிகிச்சை நெறிமுறையில் 24 என்பது நடுத்தரக் கடுமையின் எல்லை. எனவே ஒரு சுவாசம் விடுபட்டால் நோயின் வகையே மாறிவிடும்.

குழந்தைகளுக்கு எல்லை வேறு. இருமலோ மூச்சுச் சிரமமோ உடைய குழந்தைக்கு, 2 மாதம் நிறையாதபோது 60, அதன்பின் ஓராண்டு வரை 50, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40 என்ற அளவை எட்டினால் அது வேகமான சுவாசமாகும்.

விரற்கருவி

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்திப் பிராணவாயுவின் செறிவைக் கணிக்கிறது. கை குளிர்ந்திருந்தாலும், அசைந்தாலும், நகச்சாயம் இருந்தாலும் அளவு பிழைபடலாம். கருநிறத் தோலில் உண்மையினும் மிகுதியாகக் காட்டுவதும் உண்டு. ஆதலின் கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் வேகமான சுவாசத்தைப் புறக்கணித்தலாகாது. சுவாசம் இயல்பாக இருந்தாலும் குறைந்த செறிவைப் புறக்கணித்தலாகாது.

ஒவ்வோர் அளவையும் நேரத்துடன் எழுதி வைக்க வேண்டும். காலையில் 18, மாலையில் 22 என்ற ஏற்றம் எல்லையைத் தொடுமுன்னரே எச்சரிக்கை தரும். ஆசிரியர்கள் மாணவரை இருவர் இருவராக அமர்த்தி இதனைப் பயிற்றுவிக்கலாம். ஒரே சுவாசத்தைக் கால் நிமிடமும் முழு நிமிடமும் எண்ணி ஒப்பிட்டால் வேறுபாடு தானே விளங்கும்.