இடித்த கான்கிரீட் புது வீட்டுக்கு ஆகுமா?

கேள்வி: பழைய வீட்டை இடிக்கிறோம். கான்கிரீட்டும் செங்கல்லுமாக ஏழெட்டு லோடு தேறும். உடைத்து ஜல்லியாக்கிப் புது வீட்டுக்கே போடலாமா? சாம்பல் கலந்த சிமென்ட் வலுவிருக்காது என்கிறாரே மேஸ்திரி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தூண், பீம், மேல்தளம் மூன்றுக்கும் வேண்டாம். 2016-ல் திருத்திய ஐ.எஸ். 383 தரவிதி, பழைய கான்கிரீட் ஜல்லியை எம்25 தரம் வரையுள்ள கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அதாவது, முறையாகப் பதப்படுத்திச் சோதித்த ஜல்லியை. நீங்கள் சம்மட்டியால் உடைப்பதில் பழைய சாந்து ஒட்டியிருக்கும், அது தண்ணீரைக் குடிக்கும். கலவை இறுகுகிறதே என்று ஆட்கள் இன்னொரு வாளி ஊற்றுவார்கள். வலு அங்கேதான் போகிறது. செங்கல் கலந்ததற்குக் கம்பி கான்கிரீட்டில் இடமே இல்லை.

அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட் (பி.சி.சி.) எம்15-க்குக் குறைந்த கலவையாக இருந்தால், அதில் முழுக்க இந்த ஜல்லியையே போடலாம். மரத்தூள், ஜிப்சம், மண் நீக்கி, சலித்து, முதல் நாளே நனைத்து வையுங்கள். மிச்சத்தைத் தரைக்கு அடியில் கொட்டி இடித்து இறுக்கலாம்.

ஆனால் சுற்றுச்சூழல்தான் உங்கள் கவலை என்றால், ஜல்லியைவிட சிமென்ட் மூட்டையைக் கவனியுங்கள். சிமென்டின் அடிப்படைப் பொருளான கிளிங்கரைச் செய்யச் சூளை 1,450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டும். எரிபொருள் புகை ஒருபுறமிருக்க, சுண்ணாம்புக்கல்லே பிரிந்து கரியமில வாயுவைக் கக்குகிறது. உங்கள் மேஸ்திரி சொல்லும் சாம்பல் கலந்த சிமென்டில், அதாவது பி.பி.சி.யில், 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல். அந்த அளவுக்குக் கிளிங்கர் குறைகிறது. மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் பொடிதான் இந்தச் சாம்பல்.

மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை. சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பல் நிதானமாகத்தான் சேரும். முதல் வாரத்தில் வலு சற்றுக் குறைவாகவே தெரியும். பிறகு ஈடுகட்டிவிடும், கான்கிரீட்டில் நீர் ஊடுருவுவதும் குறையும். ஈரம் காய்ந்தால் அந்த வேலை நின்றுவிடும். அதனால் 14 நாள் விடாமல் தண்ணீர் காட்ட வேண்டும். ஏழாம் நாளே தண்ணீர் தேக்கிய பாத்தியை உடைத்துவிட்டு சிமென்ட்டைத் திட்டுவதே இங்கே வழக்கம்!

பி.பி.சி. வாங்கிவிட்டு, சிக்கனமென்று கூடுதல் சாம்பலை நீங்களே கலக்காதீர்கள். சென்ட்ரிங்கை எப்போது பிரிப்பது என்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள். சாதாரண சிமென்டுக்கு எண்ணும் நாள் இதற்குப் போதாது.