கடை, கிடங்கு, மாடி வீடு: மூன்றுக்கும் ஒரே வைஃபை

திருத்தணியில் நம் வணிகர்கள் பலருக்குத் தெருவைப் பார்த்துக் கடை, பின்கட்டில் கிடங்கு, மாடியில் குடியிருப்பு. கட்டடம் ஒன்றுதான், ஆனால் இணையம் மூன்று இடத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. இதனால் நமக்கு ஏற்படும் நஷ்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு இணைந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. பக்கத்து ஊர் வியாபாரம் அன்றே வெளிமாநில வியாபாரம் ஆயிற்று. வரிக்குரிய சரக்கு ரூ.50,000-க்கு மேல் எல்லை தாண்டினால் 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயம். கிடங்கில் வண்டி ஏற்றி முடித்த பிறகு, சிக்னல் தேடித் தெருவுக்கு ஓடினால் வண்டி வாடகையும் காத்திருப்பும் நம் தலையில்தான்.

ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் ஊர் நிறைந்துவிடும். அத்தனை பேரும் ஒரே செல்போன் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வதால் கைபேசி இணையம் தள்ளாடும். "பணம் அனுப்பிவிட்டேன் அண்ணாச்சி" என்று வாடிக்கையாளர் திரையைக் காட்டுவார். நம் கணக்கில் வந்ததா என்று பார்க்க நம்மிடம் இணையம் இருக்காது. நம்பி அனுப்பினால் பணத்துக்கு ஆபத்து. நிறுத்தி வைத்தால் வாடிக்கையாளரின் மனம் கோணும். ஃபைபர் இணைப்பும் சீரான வைஃபையும் இருந்தால் இந்தச் சங்கடம் பெருமளவு குறையும்.

நோய் எங்கே என்று பாருங்கள்

கருவி வாங்கும் முன் ஒரு சோதனை. ரவுட்டருக்கு அருகில் நின்று வேகம் பாருங்கள். அங்கேயே மந்தம் என்றால் குறை இணைப்பில் இருக்கிறது. இணைப்பு தந்தவரிடம் முறையிட வேண்டும். அருகில் நன்றாக இருந்து, கிடங்கிலும் மாடியிலும் மட்டும் விழுந்தால் குறை அலை பரவுவதில் இருக்கிறது. மெஷ் தீர்ப்பது இந்த இரண்டாவது நோயை மட்டுமே.

அலையைத் தடுப்பவை நம் கடையில் ஏராளம். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஷட்டர், தகர டப்பா அடுக்கு, குளிர்பதனப் பெட்டி ஆகியவை அலையை மறைக்கும். தண்ணீர்த் தொட்டியும், ஈரப்பதமுள்ள தானிய மூட்டை அடுக்கும் அலையை உறிஞ்சும். சரக்கு இறங்கிய மறுநாள் கிடங்கில் சிக்னல் குறைவது இதனால்தான்.

மெஷ் என்றால் என்ன?

ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லுடன் இரண்டு மூன்று கருவிகள் சங்கிலிபோல் சேர்ந்து இயங்குவதே மெஷ். ஒன்று ஃபைபர் பெட்டியோடு இணைந்த தலைமைக் கருவி. மற்றவை துணைக் கருவிகள். இம்முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் 2005-லேயே மலைச்சரிவுக் கட்டடங்களை இவ்வாறு இணைத்தார்கள். மழை, காற்றோடு குரங்குகளையும் தாங்கும்படி அங்கே ஆன்டெனாக்களை நிறுவ வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் கம்பி இழுக்கும் நம்மவர்களும் இதை நினைவில் கொள்வது நல்லது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

முதலாவது, எத்தனை அலைவரிசை என்று கேளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். கருவிகள் தமக்குள் பேசவும் நம் கைபேசியோடு பேசவும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்று அலைவரிசைக் கருவியில் ஒன்றை அவை தமக்கென்று ஒதுக்கிக்கொள்ள முடியும், விலை கூடுதல்.

இரண்டாவது, துணைக் கருவியிலும் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகளுக்கிடையே கேட்-6 கம்பி இழுத்துவிட்டால் சுவரும் மூட்டையும் தடையே அல்ல. இந்தக் கம்பி 100 மீட்டர் வரை செல்லும். அதிக விலைக் கருவியைக் காற்றில் இயக்குவதைவிட, நடுத்தர விலைக் கருவியைக் கம்பியில் இயக்குவது மேல்.

மூன்றாவது, தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். பணம் வரவு பார்க்கவும் பில் போடவும் மிகக் குறைந்த வேகமே போதும். அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம். கடை, கிடங்கு, மாடிக்குப் பெரும்பாலும் மூன்று கருவி போதுமானது. அளவுக்கு மீறி வைத்தால் கைபேசி எதைப் பற்றுவது என்று தடுமாறும்.

நான்காவது, உத்தரவாதக் காலம், பழுது பார்க்கும் இடம், திருப்பிக் கொடுக்கும் வசதி ஆகியவற்றைக் கேட்டு, ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்குங்கள்.

எங்கே வைப்பது?

சிக்னல் இல்லாத மூலையில் துணைக் கருவியை வைப்பது பலரும் செய்யும் தவறு. தனக்கே சிக்னல் கிடைக்காத கருவி பிறருக்கு என்ன தரும்? தலைமைக் கருவிக்கும் அந்த மூலைக்கும் நடுவழியில், மூட்டை உயரத்துக்கு மேலே வையுங்கள். மாடிக்குப் படிக்கட்டுத் திறப்பு நல்ல வழி. ஃபைபர் பெட்டிக்கும் எல்லா மெஷ் கருவிக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு தேவை. ஒன்றை விட்டாலும் மின்வெட்டில் சங்கிலி அறும்.

தொல்லை வந்தால்

1. ஃபைபர் பெட்டியில் "லாஸ்" என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபர் வழியாக வெளிச்சம் வரவில்லை. இணைப்பு தந்தவரை அழைக்கவும். மெஷ் கருவியைத் தொட வேண்டாம்.

2. எல்லாம் நின்றால் அனைத்தையும் அணைத்து, முதலில் ஃபைபர் பெட்டி, இரண்டு நிமிடம் கழித்துத் தலைமைக் கருவி, பிறகு துணைக் கருவிகள் என்ற வரிசையில் இயக்கவும்.

3. கைபேசி இணைகிறது, ஸ்வைப் மெஷினோ கேமராவோ இணையவில்லை என்றால், அது 2.4 மட்டும் அறிந்த கருவியாக இருக்கலாம். அந்த அலைவரிசையை இயக்கி, பாதுகாப்பு முறையில் "டபிள்யூ.பி.ஏ.2" என்பதையும் அனுமதிக்கவும்.

4. மாலையில் மட்டும் அறுபட்டால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல் காரணமாகலாம். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. மூன்றையும் மாற்றிப் பார்க்கவும்.

5. மாடிக்குப் போன பின்னும் கைபேசி கீழ்க் கருவியையே பிடித்துக்கொண்டிருந்தால், வைஃபையை ஒருமுறை அணைத்து இயக்கவும். பழைய ரவுட்டரின் வைஃபை தனியே ஓடினால் அதை நிறுத்தவும்.

6. ஃபைபர் பெட்டியும் தலைமைக் கருவியும் இரண்டுமே ரவுட்டராக இயங்கினால் சில செயலிகள் திணறும். இரண்டில் ஒன்றை "பிரிட்ஜ்" அல்லது "அக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்றச் சொல்லவும்.

பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி பெரும்பாலும் தனி சிம்மில் இயங்குவது. வைஃபை சீரானால் அதுவும் சீராகும் என்று எண்ண வேண்டாம்.

கடவுச்சொல் காவல்

கல்லாப்பெட்டிச் சாவியை வருகிறவருக்கெல்லாம் கொடுப்பதில்லை. பில் போடும் கணினி உள்ள வைஃபையின் கடவுச்சொல்லும் அத்தகையதே. வாடிக்கையாளருக்கும் வண்டிக்காரருக்கும் "கெஸ்ட்" என்ற தனி வலையைத் திறந்து விடுங்கள். வேலையாள் மாறினால் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கருவியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திக் கடையிலும் கிடங்கிலும் சோதித்துப் பார்ப்பது நலம். கூட்டம் வந்த பிறகு பழுது பார்க்க ஆளும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது.