டவர் கிரேனின் நிழலில் பணிபுரியப்போகும் இளம் பொறியாளருக்கு



கட்டுமானத் தளத்தின் பாதுகாப்புப் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் பொறியாளருக்கு இன்று ஒரு திரை தரப்படுகிறது. டவர் கிரேன் தூக்கும் சுமை, அதன் கை திரும்பியிருக்கும் கோணம், உச்சியில் வீசும் காற்றின் வேகம் ஆகியவை அதில் கணந்தோறும் எண்களாக ஓடுகின்றன. அந்த எண்கள் எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன என்னும் இரண்டையும் ஒருசேர அறிந்த பின்னரே அத்திரையை நம்ப வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கருத்து.

டவர் கிரேன் என்பது மாஸ்ட் எனப்படும் செங்குத்துக் கோபுரமும், அதன் உச்சியில் சுழலும் ஜிப் எனப்படும் நீண்ட கையும், அக்கைக்கு எதிர்ப்புறம் வைக்கப்படும் எதிர் எடையும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கும் அமைப்பு. ஆகவே அது தாங்கும் அளவு எடையால் மட்டும் அமைவதன்று. எடையையும் மாஸ்ட்டிலிருந்து கொக்கி தொங்கும் தூரத்தையும் பெருக்கி வரும் திருப்புத்திறனே கணக்கில் கொள்ளப்படுகிறது. 2 டன் சுமை 30 மீட்டர் தூரத்தில் தொங்கும்போது 60 டன்-மீட்டராக இருப்பது, கொக்கியைச் சுமந்து ஜிப் நெடுக ஓடும் டிராலி 60 மீட்டருக்குச் சென்றதும் 120 டன்-மீட்டராகிவிடுகிறது. வடத்தின் இழுவிசையை அறியும் உணரியும் டிராலியின் இருப்பிடத்தை அறியும் உணரியும் இணைந்து இதைக் கணக்கிட்டு, எல்லை நெருங்கும்போது எச்சரித்து, எல்லையைத் தொட்டதும் மேலே தூக்குவதையும் வெளியே நகர்த்துவதையும் தடுத்துவிடுகின்றன.

காற்றைப் பொறுத்தவரை இதே கருவி போதுவதில்லை. காற்றின் வேகம் இருமடங்காகும்போது அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. அகன்ற ஷட்டரிங் பலகை எடையில் குறைந்ததாயினும் காற்றின் முன் பாய்மரம்போல் விரிகிறது. சுமை உணரி எடையை அறியுமே தவிரப் பரப்பை அறியாது. பல கிரேன்களுக்கு மணிக்கு 72 கிலோமீட்டர் வேகமே வேலை நிறுத்தும் எல்லையாக இருப்பினும், இத்தகைய சுமைகளுக்கு அதற்கும் வெகு கீழே ஓர் எல்லையைப் பொறியாளரே வகுத்து உச்சியிலுள்ள காற்றுமானியின் எச்சரிக்கையில் பதிவுசெய்ய வேண்டும். வேலை முடிந்ததும் சுழற்சித் தடையை விடுவித்து, ஜிப் காற்றின் போக்கில் தானே திரும்புமாறு விடப்பட்டுள்ளதா என்பதையும் அன்றன்று உறுதிசெய்ய வேண்டும்.

ஒரே தளத்தில் பல கிரேன்களின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, ஒவ்வொன்றின் கோணத்தையும் டிராலி தூரத்தையும் கொக்கி உயரத்தையும் வானொலி அலைவழி மற்றவற்றுக்கு அறிவித்து, நெருங்கும் கைகளை முதலில் மெதுவாக்கிப் பின் நிறுத்தும் மோதல் தடுப்பு அமைப்பு உதவுகிறது. சாலை, பள்ளி போன்ற இடங்களின் மேல் சுமை செல்லாதவாறு தடைப்பகுதிகளை வகுக்கவும் அதனால் இயலும். எனினும் ஒரு கிரேன் உயர்த்தப்பட்ட பிறகு அதன் புதிய உயரம் அமைப்பில் பதியப்படாவிட்டால், கருவி பழைய கிரேனையே காத்துக்கொண்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுமையை இறக்கும் ஆபரேட்டருக்கு டிராலியில் பொருத்திய கேமரா பெருந்துணையாகிறது. ஆயினும் மேலிருந்து பார்க்கும் அப்படத்தில் உயர வேறுபாடு தட்டையாகிவிடுவதால், கீழே நிற்கும் சிக்னல்மேனின் குரலுக்கு அது மாற்றாகாது. சிங்கப்பூரில் 50 லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் ஒப்பந்த மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் 2024 ஜூன் முதல் காணொளிக் கண்காணிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பலர் பணிபுரியும் அந்நாட்டுத் தளங்களில், எச்சரிக்கைச் சொற்கள் அவர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒலிக்கச் செய்வது கேமராவுக்கு நிகரான பாதுகாப்பு.

இக்கருவிகள் அனைத்தும் கிரேன் சுமை தூக்கும் நேரத்துக்காகவே பெரிதும் வடிவமைக்கப்பட்டவை. பெருவிபத்துகள் சில நிகழ்ந்ததோ கிரேனை உயர்த்தும்போதும் பிரிக்கும்போதும் ஆகும். நியூயார்க்கில் 2008 மார்ச் 15 அன்று கிரேனை உயர்த்தும் பணியின்போது, மாஸ்ட்டைக் கட்டடத்தோடு பிணைக்கவிருந்த எஃகு வளையத்தைத் தாங்கிய பாலியெஸ்டர் பட்டைகள் அறுந்ததால் கிரேன் சாய்ந்து ஏழு பேர் இறந்தனர். சியாட்டிலில் 2019 ஏப்ரல் 27 அன்று கிரேனைப் பிரிக்கும்போது, மாஸ்ட் துண்டுகளை இணைக்கும் பின்கள் முறைப்படி ஒவ்வொரு கட்டமாகக் கழற்றப்படாமல் பெரும்பாலானவை முன்கூட்டியே கழற்றப்பட்டிருந்தன. வீசிய காற்றில் கிரேன் சரிந்து, தொழிலாளர் இருவரும் கீழே சாலையில் வாகனங்களில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். இரண்டிலும் கொக்கியில் அளவு மீறிய சுமை இல்லாததால், சுமை உணரி எச்சரிக்க வேண்டிய சூழல் எழவே இல்லை.

எனவே டிஜிட்டல் தொழில்நுட்பத்தை இந்த மௌனமான மணிநேரங்களுக்குள் கொண்டுசெல்வதே இளம் பொறியாளரின் முதற்பணியாகட்டும். ஒவ்வொரு பின்னும் எண்ணிடப்பட்டு, கழற்றும் வரிசை கைக்கருவியில் படத்துடன் பதிவாகி, ஒரு கட்டத்தைப் பொறுப்பாளர் நேரில் சரிபார்த்து ஒப்பும்வரை அடுத்த கட்டத்துக்கு அனுமதி கிடைக்காதவாறு அமைக்கலாம். சுமையைத் தாங்கும் ஒவ்வொரு பட்டையிலும் மின்னணு அடையாளச் சில்லு பதித்து, கடைசிச் சோதனை நாள் கடந்த பட்டையைச் சுமை கட்டும் தொழிலாளரான ரிக்கர் எடுக்கும்போதே எச்சரிக்கலாம். பழுதுப் பதிவேட்டையும் இவ்வாறே அமைக்கலாம். லண்டனின் பாட்டர்சீயில் 2006 செப்டம்பரில் கிரேனின் மேற்பகுதியைச் சுழலவிடும் சுழல்வளையத்தின் போல்ட்டுகள் முறிந்து இருவர் இறந்தனர். அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே அக்கிரேனில் போல்ட்டுகள் பழுதாகி மாற்றப்பட்டிருந்தன. பழுதான உறுப்பை மாற்றியதைக் குறிப்பதோடு நில்லாமல், அது ஏன் பழுதானது என்பதற்கு விடை எழுதப்படும்வரை கிரேனை இயக்க ஒப்புதல் தராத பதிவேடே பதிவேடு.

கருவியின் எச்சரிக்கைகளும், தடையை விலக்கும் சாவி பயன்பட்ட நேரங்களும் பதிவாவதால், வாரந்தோறும் அப்பதிவை ஆபரேட்டருடன் அமர்ந்து படிக்க வேண்டும். ஒரே இடத்தில் எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தால், ஆபரேட்டரின் கவனக்குறைவைவிட, கம்பிக்கட்டுகள் தொலைவில் இறக்கப்படுவதே காரணமாயிருக்கக்கூடும். பதிவு தண்டிக்கும் கருவியாகிவிட்டால், அதை ஏமாற்றும் வழிகளே தளத்தில் வளரும்; ஆகவே "நிறுத்து" என்று கடைநிலைத் தொழிலாளர் சொல்லும் சொல்லுக்கு உணரியின் நிறுத்தத்துக்குரிய அதிகாரத்தைப் பொறியாளர் எழுத்துப்பூர்வமாகவே வழங்கிவிட வேண்டும்.

சியாட்டிலின் சாலையில் சென்ற இருவருக்கும் கிரேனின் பின்களைப் பற்றியோ காற்றின் எல்லையைப் பற்றியோ அறிய வேண்டிய தேவை இருந்ததில்லை. அவற்றை அறிந்தவர்கள் மேலே தம் கடமையைச் செய்வார்கள் என்னும் நம்பிக்கையிலேயே அவர்கள் அவ்வழியே சென்றனர். அந்நம்பிக்கை இனி இளம் பொறியாளரின் கையிலும் இருக்கிறது.


இத்துறையின் மூத்தோர் சார்பில்