காட்டுக்கழுதையும் கடற்பஞ்சும்

விலங்கு என்பது யாது என்று வினவினால், "ஓடுவது, உண்பது, குரல் எழுப்புவது" எனப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவர். இவ்விடையை இரண்டு உயிர்களைக் கொண்டு ஆராய்வோம். ஒன்று, குஜராத்தின் சிறிய ரண் உப்புநிலத்தில் வாழும் காட்டுக்கழுதை. மற்றொன்று, கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு.

காட்டுக்கழுதையைப் பற்றி ஐயம் எழாது. மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் விரைவில் ஓடவல்லது; பதினொரு திங்கள் சுமந்து ஒரு குட்டி ஈனும். 1960களில் நோய்களால் சில நூறாக அருகிய இவ்வினம், 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,672 ஆகப் பெருகியிருந்தது மகிழ்ச்சிக்குரியது.

கடற்பஞ்சோ நெடுங்காலம் செடியென்றே பலரால் கருதப்பட்டது. அதற்கு வாயில்லை, வயிறில்லை, குருதியில்லை, நரம்புமில்லை. 1825இல் ராபர்ட் கிராண்ட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், அதன் பெருந்துளை வழியே நீர் இடைவிடாது வெளியேறுவதை நுண்ணோக்கியில் கண்டார். சிறுதுளைகள் நீரை உள்வாங்க, சாட்டை போன்ற இழைகளையுடைய உயிரணுக்கள் அந்நீரை உந்தி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்கின்றன. செடியைப்போல் உணவைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை.

1907இல் வில்சன் என்னும் அமெரிக்கர் ஒரு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணி வழியே பிழிந்து, உயிரணுக்களாகச் சிதறச் செய்தார். அவை ஊர்ந்து ஒன்றுகூடி மீண்டும் கடற்பஞ்சாயின! இச்சோதனை நம் நெஞ்சுக்கு உவப்பன்று. எனினும் அறிந்ததை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று.

உறவு எங்கே? கழுதையின் தோலையும் தசைநாண்களையும் இறுகப் பிணைப்பது கொலாஜன் என்னும் புரதம். கடற்பஞ்சின் உடலைப் பிணைத்து நிறுத்துவதும் அவ்வகைப் புரதமே. இரண்டிற்கும் பொதுவான மூதாதை 60 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலில் வாழ்ந்தது.

நம் நூல்கள் உயிர்களைப் புலன்களால் எண்ணி வகுத்தன. கழுதை ஐம்புலனும் உடையது. கடற்பஞ்சை எங்கே வைப்பது? நரம்பின்றியும், தீண்டினால் மெல்லத் துளை சுருக்கும் வகைகள் உண்டு. இளம்பருவத்தில் நீந்தித் திரிந்து, ஒளியைக் கண்டு விலகுவனவும் உண்டு. வளர்ந்து பாறையில் அமர்ந்தபின் அந்நீச்சல் இல்லை. இதனைப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசிப் பார்க்கலாம்.

இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். பாத்திரம் துலக்கும் மஞ்சள் பஞ்சு ஆலையில் செய்தது. பீர்க்கங்கூடு கொடியில் விளைவது. குளியலுக்கென "இயற்கைக் கடற்பஞ்சு" என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவதோ, கடலினின்று பறித்துக் கொன்று, அழுகவிட்டு அலசிய ஓர் உயிரின் உடற்கூடு.